நெய்வேலி மண்மேடுகளில் முளைத்த செடிகள்



கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாக இருந்த நாளில், கள்ளக்குறிச்சியும் நெய்வேலியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அம்மாவட்டம் பிரிந்தது 1993இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் மாணவர்களை விருத்தாசலம் வழியாக நெய்வேலிக்கு அழைத்துச் சென்றேன். பேரியந்திரங்களைக் காணவே சென்றோம். ஆனால் ஒரு மாணவன், குன்றுபோல் நின்ற மண்மேட்டைச் சுட்டிக்காட்டி, "ஐயா, நம் ஊர் எருக்கு இதன்மேல் எப்படி ஏறிற்று?" என்று வினவினான். அன்று நான் கூறிய விடை அரைகுறையானது.

முதலில் மேடு தோன்றிய வரலாற்றைக் காண்போம். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரும்பழுப்பான பொருள் வெளிப்பட்டது. பல ஆய்வுகளுக்குப் பின், 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பெற்றது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரிப்படலம் வெளிப்பட்டதோ 1961இல்! இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மண்ணையும் மணற்பாறையையும் வெட்டியெடுப்பதிலேயே கழிந்தன. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டும். குழி அகலும் வரையில் அம்மண்ணை உள்ளே கொட்ட இடமில்லை. ஆகவே வெளிநிலத்தில் குவித்தனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். குவியலில் மண் தலைகீழாகிறது. பயிரை வளர்த்த மேல்மண் அடியில் புதைய, வெயிலையே கண்டறியாத அடிமண் உச்சிக்கு வருகிறது. அதில் மக்கு இல்லை, தழைச்சத்தும் இல்லை. மழைநீர் உள்ளே இறங்காது, சரிவை அறுத்துக்கொண்டு ஓடிவிடும்.

இத்தகைய மண்ணில் எருக்கு எவ்வாறு வந்தது? அதன் விதைக்குப் பட்டுப்போன்ற குஞ்சம் உண்டு, காற்றே ஊர்தி. சீமைக்கருவேலின் நெற்றை ஆடுமாடுகள் தின்று விதையைச் சாணத்தோடு இடுகின்றன. ஜாவாவுக்கு அருகில் உள்ள கிரகதோவாத் தீவு 1883இல் எரிமலையால் அழிந்தது. மூன்றாண்டு கழித்துச் சென்ற அறிஞர் திரூப், சாம்பல்மேல் பாசிப் படலத்தையும் பெரணிகளையும் கண்டார். அங்கு விதைகள் கடலைக் கடக்க வேண்டியிருந்தது. நெய்வேலியிலோ மேட்டின் காலடியிலேயே முந்திரித் தோப்பும் புதர்க்காடும் இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது கொழிஞ்சி. அதன் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. நம் உழவர் அதனை வயலில் மடக்கி உழுவது இதனாலேதான். ஆவாரையும் அவரையினத்தைச் சேர்ந்ததே. எனினும் அதன் வேரில் முண்டுகள் இல்லை. தேர்வில் இதனைப் பலர் மாற்றி எழுதுவர்!

பின்னாளில் மேடுகளில் மரக்கன்றுகள் பெருமளவில் நடப்பட்டன. தொலைவிலிருந்து நோக்குவோர் காடு மீண்டுவிட்டது என்பர். அதனை நான் அவ்வளவு எளிதில் ஒப்பமாட்டேன். பச்சை நிறம் வேறு, விளைநிலம் வேறு. மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து மீண்டும் பரப்பாவிடில், அது உருவாக மிக நீண்ட காலம் ஆகும்.

அன்று மேட்டிலிருந்து ஒரு கொழிஞ்சியைப் பிடுங்கி வந்தோம். ஊர் திரும்பியதும் மலையடிவாரத்தில் மற்றொன்றைப் பிடுங்கினோம். இரண்டையும் மாணவர்கள் உதறிப் பார்த்தனர். மேட்டுச் செடியின் வேரிலிருந்து மண் முழுதும் உதிர்ந்தது. மலைச்செடியின் வேரில் கருமண் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.