தாசனும் தாசியும்

கனக சுப்புரத்தினம் தன்னைப் பாரதிதாசன் என்று அழைத்துக்கொண்டார். முத்தையா கண்ணதாசன் ஆனார். ராசகோபாலன் ‘சுப்புரத்தினதாசன்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். தாசன் என்றால் அடிமை, தொண்டன். அந்தப் பெயர்களைக் கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை. அதே சொல்லின் முடிவை மட்டும் மாற்றிப் பெண்பாலாக்குங்கள். எந்தப் பெண்ணாவது அதைப் புனைபெயராக வைத்துக்கொள்வாளா?

‘அடியார்’ என்ற சொல்லுக்கும் இதுதான் நேர்ந்தது. அறுபத்துமூவரையும் நாம் அடியார்கள் என்று கைகூப்புகிறோம். கோயிலைச் சேர்ந்த பெண்ணுக்குச் சோழர்காலக் கல்வெட்டுகள் தரும் பெயர் தேவரடியார். தேவருக்கு அடியவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இன்று தமிழ்த் தெருக்களிலும் கைப்பேசித் திரைகளிலும் மிக அதிகமாகப் புழங்கும் வசவு அந்தச் சொல்லின் தேய்ந்த வடிவம்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் முதலாம் ராஜராஜன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் குறித்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த சாதாரணப் பெண்களின் பெயரும் முகவரியும் இப்படிச் சேர்ந்து கிடைக்கும் இடம் உலகிலேயே அதிகமில்லை. திருவொற்றியூரில் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று சதுரன் சதுரி என்ற தேவரடியாரைச் சொல்கிறது. அவளை நாகன் பெருங்காடன் என்பவரின் அகமுடையாள் என்றும் அதே வரியில் சொல்கிறது. தேவரடியாராகவும் இன்னொருவரின் மனைவியாகவும் ஒருத்தி இருந்ததைக் கல்லில் வெட்டியவர் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

இதை வைத்துப் பொற்காலக் கதை சொல்லவும் கூடாது. கோயிலுக்குப் பெண்கள் விலைக்கு விற்கப்பட்ட ஆவணங்களும் அதே நூற்றாண்டுகளில்தான் கிடைக்கின்றன. உடம்பில் சூலக்குறி பொறிக்கப்பட்டவர்கள் உண்டு. தானம் கொடுத்தவளும் தானமாகக் கொடுக்கப்பட்டவளும் அந்த உலகில் அருகருகே இருந்தார்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அந்தப் பெயர் அன்று வசவு அல்ல.

பெயர் சரிந்தது ஒரே நாளில் அல்ல. கோயிலின் நெல்லும் நிலமும் சுருங்க, அரசவையும் மிராசுதாரும் புரவலர்களான காலம் நீளமானது. ஆனால் சரிவுக்குச் சட்டத்தின் மொழி கிடைத்தது 19ஆம் நூற்றாண்டில். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 372, 373ஆம் பிரிவுகள் சிறுமிகளை விபச்சாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. பொட்டுக்கட்டும் சடங்கை நீதிமன்றங்கள் அந்தப் பிரிவுகளுக்குள் கொண்டுவந்தன. சிறுமிகளைக் காக்கும் நோக்கம் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வளர்ந்த பெண்கள் அத்தனை பேருக்கும் ஆங்கிலத் தீர்ப்புகளில் ஒரே அடைமொழி ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், தாயின் சொத்து மகளுக்குப் போகும் அவர்களுடைய வழக்கத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் இன்னொரு பக்கம் ஏற்றுக்கொண்டும் வந்தது.

இந்த மொழியை நேருக்கு நேர் எதிர்த்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவையின் முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ காவியத்தை அவர் 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். முத்துப்பழனியை வெட்கமற்றவள் என்று எழுதியிருந்தவர் சாதாரண ஆள் அல்லர். விதவை மறுமணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கம். ஆண்கள் எழுதிய சிருங்காரத்துக்கு இல்லாத வெட்கம் பெண் எழுதியதற்கு மட்டும் ஏன் என்று நாகரத்தினம்மாள் கேட்டார். அரசாங்கம் நூலைத் தடை செய்தது. தடை நீங்க 1947 வரை ஆயிற்று.

1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்தபோது, தங்களை விபச்சாரிகள் என்று பொருள்படுத்துவதை எதிர்த்துத் தேவதாசிகள் மனுக் கொடுத்தார்கள். முத்துலட்சுமியின் தாயே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். பொட்டுக்கட்டுதலை ஒழித்தது சரியே. 1947ஆம் ஆண்டுச் சட்டம் வந்திராவிட்டால் இன்னும் எத்தனை சிறுமிகளின் வாழ்வு போயிருக்கும். ஆனால் ஒழிப்பின் மேடைப்பேச்சு வழக்கத்தையும் பெண்ணையும் பிரித்துப் பார்க்கவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாசி வீட்டில் வளர்ந்தவர், அந்தக் கொடுமையை உள்ளிருந்து அறிந்தவர். 1936இல் அவர் வெளியிட்ட நாவலின் தலைப்பிலேயே தாசிகள் ‘மோசவலை’ விரிக்கிறார்கள், மைனர் ‘மதிபெற்று’த் திரும்புகிறார். நாவலுக்குள் இதைவிட நுட்பமான செய்திகள் இருக்கின்றன. ஊர் நினைவில் நின்றது தலைப்பு. (அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெறும் கல்லூரி மாணவிகள் அதன் முழுப் பெயரைப் படித்துப் பாருங்கள். அது இவர் பெயர்தான்.)

வழக்கம் ஒழிந்தது. அந்தப் பெயரால் குறிக்கப்பட்டவர்கள் இன்று அநேகமாக இல்லை. வசவு மட்டும் ஆளில்லாமல் திரிகிறது. ஆகவே எவள்மீதும் உட்காரலாம். அரசியல் பேசியவள், கணவனைப் பிரிந்தவள், படம் போட்டவள், பதில் சொன்னவள். சமூக ஊடகத்தில் நடுவே நட்சத்திரக் குறி போட்டோ, முதல் எழுத்தையும் புள்ளியையும் வைத்தோ எழுதுகிறார்கள். தணிக்கையைத் தாண்டுவதற்கு அந்தப் புள்ளி போதும், படிப்பவருக்குப் புரியவும் போதும். 2017இல் ‘நாச்சியார்’ படத்தின் முன்னோட்டத்தில் ஜோதிகாவின் காவல் அதிகாரி அந்தச் சொல்லை ஓர் ஆணை நோக்கி வீசியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. ஒரு கதாநாயகி வாயில் இந்தச் சொல்லா என்பதே பேச்சாயிற்று. எதிரில் நிற்பவன் ஆணாக இருந்தும் அடி யார்மீது விழுகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

ஆணைத் திட்டும்போது அந்தச் சொல் அவனைத் தொடுவதில்லை. ‘மகனே’, ‘பயலே’ என்று முடிந்து, அவன் தாயிடம் போகிறது. தந்தை பெயர் தெரியாதவன் என்பதே அதன் நஞ்சு. அந்தச் சமூகத்துப் பெண்களோ தாயின் பெயரை மறைத்தவர்கள் அல்லர். எம்.எஸ். சுப்புலட்சுமியின் எம். மதுரை; எஸ். அவருடைய தாய், வீணைக் கலைஞர் சண்முகவடிவு.