நல்லெண்ணெயும் பழைய டிரம்மும்

1977-78. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதி.

அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் சுமார் 20 இளம்பெண்களுக்கு ஒரே மாதிரி நோய் வந்தது. கெண்டைக்கால் வலி. அப்புறம் பாதம் தொங்கிப்போய், நடந்தா கால் தடுக்கும். சிலருக்குக் கையும் வலுவிழந்தது.

திடீர்னு கை கால் விழுந்தா எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது போலியோ, அடுத்தது குல்லியன் பாரே. ஆனா இதெல்லாம் ஆண், பெண் பார்த்து வர்றதில்லையே. இங்கே மட்டும் ஏன் வயசுக்கு வந்த பெண்கள்?

விடை உங்க வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். பெண் சமைஞ்சா என்ன கொடுப்பாங்க? நல்லெண்ணெய். இடுப்பு பலப்படணும்னு குடிக்கவே கொடுப்பாங்க. பிள்ளை பெற்ற தாய்க்கும் உண்டு. வீட்டில் மத்தவங்க தாளிக்க ஒரு கரண்டி ஊத்தினா, இந்தப் பெண்ணுக்குப் பல மடங்கு உள்ளே போகும்.

அந்த நல்லெண்ணெயைச் சோதித்தபோது டிரை கிரெசில் பாஸ்பேட் இருந்தது. சுருக்கமா டிசிபி. எள்ளில் இது கிடையாது. மசகு எண்ணெயில் சேர்க்கிற ரசாயனம் இது. உலோகத்தோடு உலோகம் உரசித் தேயாமல் காக்கும். நல்லெண்ணெய்க்குள் எப்படி வந்ததுன்னு விசாரித்துக்கிட்டே போனால், வழியில் அதை ஏற்றிவந்த பாத்திரத்தில் போய் நின்றது. முன்பு மினரல் ஆயில் வைத்திருந்த கொள்கலன்கள். மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள்.

ஆக, மருந்தாக நினைச்சுப் பாசத்தோட கொடுத்த எண்ணெயே அந்தப் பிள்ளைகளை முடக்கியது.

"டிரம்மைக் கழுவியிருக்கலாமே"ன்னு கேட்பீங்க. இங்கதான் விஷயமே இருக்கு. 200 லிட்டர் இரும்பு டிரம்மின் வாய் ரொம்பச் சின்னது, கைவிட்டுத் தேய்க்க முடியாது. கவிழ்த்து வச்சாலும் அடி விளிம்பு மடிப்பில் கொஞ்சம் தங்கும். டிசிபி தண்ணீரில் கரையாத பொருள்னே சொல்லலாம், எண்ணெயில் நல்லா கரையும். அதனால் எத்தனை குடம் தண்ணி ஊத்தினாலும் போகாத விஷம், நல்லெண்ணெய் ஊத்தினா சுத்தமா கழுவிக்கிட்டு வந்துடும். நேரா நம்ம டம்ளருக்கு. நிறம் கிடையாது, வாடை கிடையாது. "காலி டிரம்" என்ற பெயரே எனக்குப் பிடிக்காது.

உடம்புக்குள் என்ன செய்கிறது? டிசிபியின் ஆர்த்தோ வகைதான் ஆபத்தானது. நரம்புகளில் உள்ள ஒரு நொதியைச் செயலிழக்க வைக்கும். நீளமான நரம்புகள் நுனியிலிருந்து சிதைய ஆரம்பிக்கும். உடம்பிலேயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதுதான், அதனால் முதல் அடி அங்கே. குடித்த அன்னைக்கு லேசா வாந்தி, பேதி வரலாம், வராமலும் போகலாம். கால் விழுவது 1 முதல் 3 வாரம் கழித்து. அதற்குள் எண்ணெய் தீர்ந்திருக்கும், பாத்திரம் கழுவியாகியிருக்கும். யாருக்கு எண்ணெய் மேல் சந்தேகம் வரும்? முறிவு மருந்தும் கிடையாது. பிசியோதெரபியும் பொறுமையும்தான்.

இது முதல் தடவையும் இல்லை. 1930இல் அமெரிக்காவில் மதுவிலக்கு. ஜமைக்கா இஞ்சிச் சாரம் என்ற போர்வையில் விற்ற சரக்கில் இதே ரசாயனத்தைக் கலந்தார்கள். பல்லாயிரம் பேருக்குக் கால் போனது. 1937இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சுமார் 60 பேர். அதுவும் நம்ம கதையேதான்: மசகு எண்ணெய் இருந்த டிரம்மில் சமையல் எண்ணெய்.

1959இல் மொராக்கோவின் மெக்னெஸ் நகரம் இன்னும் கொடுமை. அமெரிக்க விமானத் தளத்தில் மிஞ்சிய ஜெட் எஞ்சின் எண்ணெயை வாங்கி, சமையல் எண்ணெயில் கலந்தே விற்றார்கள். சுமார் 10,000 பேர் முடங்கினார்கள். அங்கே நடந்தது பேராசை. டர்பனிலும் இலங்கையிலும் யாரும் கொல்ல நினைக்கவில்லை. ஒரு டிரம்மை வீணாக்க மனசு வரலை, அவ்வளவுதான்.

1988இல் கல்கத்தாவின் பெஹாலாவில் மறுபடியும் சமையல் எண்ணெய், மறுபடியும் டிசிபி, நூற்றுக்கணக்கானோர்.

ஒழுங்கான தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்க. ஒவ்வொரு வகை மசகு எண்ணெய்க்கும் தனி கேன், தனி புனல், தனி நிற லேபிள். கியர் ஆயில் ஊத்தின கேனில் ஹைட்ராலிக் ஆயிலை ஊத்த விடமாட்டாங்க. டிரம்மைக் கூரைக்குக் கீழே படுக்க வச்சு, மூடி மட்டத்துக்கு மேலே எண்ணெய் நிற்கிற மாதிரி வைப்பாங்க, ஈரம் உள்ளே போகாமல் இருக்க. எல்லாம் பேரிங் கெட்டுடக் கூடாதேன்னுதான். அதே டிரம் காலியாகி கேட்டைத் தாண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிட்டா யாரும் கேட்கிறதில்லை. விற்கும் முன் அடியில் ஒரு ஓட்டை போட்டு அனுப்பினா போதும், அதில் இனி யாரும் எண்ணெய் பிடிக்க முடியாது.

இப்போது மசகு எண்ணெயில் சேர்க்கும் டிசிபியில் ஆர்த்தோ வகையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள், உண்மைதான். அதற்காக அந்த டிரம் சமையலறைக்குத் தகுதியாகிடாது, அதில் வேறு ரசாயனங்களும் உண்டு. ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் அடைக்கக் கூடாதுன்னு இந்தியாவில் விதியே இருக்கு. செக்கு எண்ணெய் வாங்கப்போனா, எண்ணெயைப் பார்க்கிற மாதிரி அது எதில் பிடிச்சு வச்சிருக்காங்கன்னும் பாருங்க. கேட்டா கோவிச்சுக்கிட்டா வேற கடை.

வண்டிக்கு ஆயில் வாங்கின கேனில் குடிதண்ணி, மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவினேன்னு சொல்லாதீங்க.

ஒரே வீட்டில், ஒரே தெருவில் ரெண்டு மூணு பேருக்குப் பாதம் தொங்க ஆரம்பிச்சா, வீட்டில் மிச்சமிருக்கிற எண்ணெயைக் கொட்டிடாதீங்க. பாட்டிலோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க.