எடுத்தாளும் உரிமையும் எழுதியவரின் பாதுகாப்பும்

ஒருவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை இன்னொருவர் தம் நூலில் எடுத்தாளலாமா? பினாங்குக்கு இதற்கான சட்டம் 1807ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தோடு வந்தது. தீவுக்கும், 1800இலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்ட எதிர்க்கரைக்கும், அதாவது இன்றைய பட்டர்வொர்த், பாகான் டாலாம் பகுதிக்கும், ஆங்கிலச் சட்டமே அளவுகோலானது. கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் கடிதங்களை அச்சிட்ட புத்தக வியாபாரி எட்மண்ட் கர்ல் மீதான வழக்கில், தாள் பெற்றவருடையது, வாசகம் எழுதியவருடையது என்று ஹார்ட்விக் பிரபு 1741இல் வகுத்த நெறியும் அதில் அடக்கம். பத்திரிகை விஷயத்தில் பிடி தளர்ந்தது. வெளிப்படையாகத் தடை சொல்லாத கட்டுரைகளைப் பிற உறுப்பு நாடுகளில் மறுபதிப்பிடலாம் என்றது 1886இன் பெர்ன் ஒப்பந்தம். அரசியல் விவாதத்துக்கு அந்தத் தடையும் செல்லாது என்றும் அது சொன்னது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டமும் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும், மூலத்தைக் குறிப்பிட்டு நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது.

ஆனால் இந்தச் சட்டங்கள் காப்பது வாசகத்தை. எழுதிய ஆளை அல்ல. ஆளைக் காத்தது பத்திரிகை வழக்கம்தான்: பெயரும் விலாசமும் ஆசிரியரிடம் இருக்கும், அச்சில் ‘ஒரு தொழிலாளி’ என்று மட்டும் வரும். அதற்குக் காரணம் இருந்தது. 1941இல் கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தங்களின்போது, ‘தமிழ் நேச’னின் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதனையே பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பத்திரிகையில் பதவியுள்ளவருக்கே அந்தக் கதி என்றால், கங்காணியின் பார்வையில் வாழ்ந்தவர் பெயரை மறைத்ததைக் கோழைத்தனம் என்று யார் சொல்ல முடியும்? புனைபெயரோடு ஊரையும் வேலையையும் சேர்த்து மேற்கோள் காட்டினால், ரயில்வே வேலையாட்களும் துறைமுகத் தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்த பாகான் டாலாம் போன்ற இடத்தில் ஆள் யாரென்று தெருவே சொல்லிவிடும். பதிப்புரிமை ஓர் இம்மியும் மீறப்படாமலே அவர் அம்பலமாகிவிடுவார்.

அச்சில் வந்துவிட்டதே, பிறகென்ன மறைப்பு என்று கேட்பவர்கள் உண்டு. அவர் அந்த வாரத்து வாசகர்களுக்கு எழுதினார்; தம் பேரப்பிள்ளைகள் கையில் வரப்போகும் புத்தகத்துக்கு அல்ல. இன்னொரு மறுப்பு கனமானது: எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டுமென்றால் வரலாற்றில் துரைமாரின் அறிக்கைகள் மட்டுமே மிஞ்சும், கூலியாட்களின் குரல் அழியும். இதை நான் முழுதும் ஏற்கிறேன். அதனால்தான் மேற்கோளைக் கைவிடச் சொல்லவில்லை. சங்கத் தலைவராகவோ பத்திரிகை ஆசிரியராகவோ பொதுவில் நின்று எழுதியவரைப் பெயரோடு காட்டுவோம். அவருக்குரிய புகழும் பொறுப்பும் அது. தனி ஆளின் குறையைச் சொல்லும் கடிதத்தில் பத்திரிகையின் பெயரையும் தேதியையும் தந்து, புனைபெயரைப் புனைபெயராகவே விடுவோம். அதற்குப் பின்னால் இருந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆய்வாளர், அச்சில் ஏற்றுமுன் அவர் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.