தி லைஃப் அண்ட் டெத் ஆஃப் பீட்டர் செல்லர்ஸ் (திரைப்படம்)

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸின் (1925–1980) வாழ்க்கையைச் சொல்லும் ஆங்கிலப் படம் இது, 2004இல் வெளிவந்தது. ரோஜர் லூயிஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவி கிறிஸ்டோபர் மார்க்கஸும் ஸ்டீபன் மெக்ஃபீலியும் திரைக்கதை எழுத, ஸ்டீபன் ஹாப்கின்ஸ் இயக்கினார். கான் விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்ட பின், அமெரிக்காவில் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. செல்லர்ஸாக நடித்த ஜெஃப்ரி ரஷ்ஷுக்கு கோல்டன் குளோப், எம்மி ஆகிய இரு விருதுகளும் கிடைத்தன. முதல் மனைவி ஆன் ஹோவாக எமிலி வாட்சனும், இரண்டாம் மனைவி பிரிட் எக்லண்டாக சார்லீஸ் தெரோனும், தாய் பெக்காக மிரியம் மார்கோலிஸும் நடித்தனர்.

தமக்கென்று ஒரு சுயம் கிடையாது, வேடங்கள் மட்டுமே உண்டு என்று செல்லர்ஸ் பல பேட்டிகளில் சொல்லிவந்தார். படம் அந்தக் கூற்றையே தன் உருவமாக்கிக்கொள்கிறது. கதை நடுவே ரஷ், தாயாக, தந்தையாக, ஆனாக, இயக்குநர்கள் ஸ்டான்லி குப்ரிக்காகவும் பிளேக் எட்வர்ட்ஸாகவும் வேடமிட்டுக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். செல்லர்ஸின் வாழ்வில் வந்த மனிதர்களையும் செல்லர்ஸே நடித்துக் காட்டுவதாக ஏற்பாடு. உத்தி என்ற அளவில் இது கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அது காயப்பட்டவர்களின் வாயிலிருந்து பேச்சைப் பறித்து, காயப்படுத்தியவரிடம் கொடுத்துவிடுகிறது. அவர் எவ்வளவு தூரம் தம்மைத் தாமே நியாயப்படுத்திக்கொண்டார் என்பதை அம்பலப்படுத்தவே இந்த உத்தி என்று வாதிடலாம். அதிலும் உண்மை உண்டு. மகனின் பொம்மைகளை அவர் நொறுக்கும் காட்சியில் படம் எந்தச் சலுகையும் தரவில்லை. எனினும் கொடுமைக்குக் காரணம் கேட்கும்போதெல்லாம் படம் நீட்டும் விடை ஒன்றுதான்: உள்ளே ஆளில்லை, அந்த வெறுமையைத் தாய் உண்டாக்கினாள். இறந்தே பிறந்த அண்ணனின் பெயரால்தான் இவரைப் பீட்டர் என்று அழைத்தார்கள் என்ற உண்மைத் தகவல்கூட இந்த விளக்கத்துக்கு வசதியாகிவிடும். குற்றத்துக்கு ஆளே இல்லாமல் போவது யாருக்குச் சாதகம்?

வெறுமைக் கொள்கையை அவருடைய தொழிலே மறுக்கிறது. 1951 முதல் 1960 வரை பி.பி.சி. வானொலியில் ஓடிய 'தி கூன் ஷோ'வில் தேறியவர் அவர். ஒரு பாத்திரத்தின் குரல் பிடிபட்ட பிறகே அதன் உடலுக்கு வருவார். 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) படத்தின் விஞ்ஞானிக்கு அவர் எடுத்துக்கொண்ட உச்சரிப்பு, படப்பிடிப்புத் தளத்துக்கு வந்திருந்த புகைப்படக்காரர் வீஜியிடம் கேட்டது. 'பீயிங் தேர்' (1979) தோட்டக்காரனுக்கு ஸ்டான் லாரலின் குரலை மனத்தில் வைத்துக்கொண்டார். கேட்டதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்க உள்ளே ஒருவர் இருந்தாக வேண்டும். படமோ இந்த உழைப்பைத் துண்டுக் காட்சிகளில் கடந்துவிட்டு, படுக்கையறைச் சண்டைகளுக்கும் ஜோதிடர் மாரிஸ் உட்ரஃபுக்கும் (ஸ்டீபன் ஃப்ரை) தாராளமாக நேரம் ஒதுக்குகிறது. ஜோதிடரை நம்பிப் படங்களைத் தேர்ந்தெடுத்த நடிகர் பார்க்கச் சுவையானவர்தான்; ஆனால் வீட்டில் அடங்காத ஆண்கள் எத்தனையோ பேர், ஸ்ட்ரேஞ்ச்லவ் ஒருவரே.

இதற்கு எதிராகப் படத்தின் பக்கம் நிற்பவர்கள் 'பீயிங் தேரை'யே சாட்சிக்கு அழைப்பார்கள். தொலைக்காட்சி தவிர வேறொன்றும் அறியாத, உள்ளீடற்ற ஒரு மனிதனின் வேடத்துக்கு அவர் அப்படி ஆசைப்பட்டது தம்மையே அதில் கண்டதால் அல்லவா? கண்டிருக்கலாம். ஆனால் ஜெர்சி கோசின்ஸ்கியின் நாவல் வந்தது 1971இல், படம் வந்தது 1979இல். 1964 ஏப்ரலில் அடுத்தடுத்து வந்த மாரடைப்புகளால் இதயம் பழுதாகி, வணிக வெற்றிக்காக இன்ஸ்பெக்டர் குளூசோ என்ற நகைச்சுவைப் பாத்திரத்தை மீண்டும் மீண்டும் நடித்துக்கொண்டிருந்த ஒருவர், அத்தனை ஆண்டுகள் ஒரே வேடத்தை விடாமல் துரத்தியிருக்கிறார். அந்தப் பிடிவாதத்தை வெறுமை என்று எப்படிச் சொல்வது? வேடிக்கை என்னவென்றால், ஹாப்கின்ஸின் படமே தன் கடைசிப் பகுதியில் இந்தத் துரத்தலை மரியாதையோடு காட்டுகிறது. அதுவரை தான் சொல்லிவந்ததை அது எவ்வளவு தூரம் குலைக்கிறது என்பதை மட்டும் கவனிப்பதில்லை. மணவாழ்வில் முதல் இருவரையே விரிவாகக் காட்டி, மிராண்டா குவாரி, லின் ஃபிரெடெரிக் ஆகியோருடனான பிந்தைய மணங்களை ஒதுக்கியதும் இப்படிக் கவனிக்காமல் விடுவதற்கு உதவியிருக்கிறது. அந்த வீடுகளிலும் சண்டை தொடர்ந்திருந்தால், இறுதி ஆண்டுகளின் கலைஞரையும் கணவரையும் படம் ஒரே ஆளாகக் காட்ட வேண்டி வந்திருக்கும்.