நியோபியின் பாறை

நியோபி தன் பிள்ளைச் செல்வத்தில் செருக்குற்று, இரண்டே பிள்ளைகள் பெற்ற லேத்தோ தெய்வத்தை இகழ்ந்தாள். அவ்விருவரான அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் அவள் மக்களை அம்பெய்து கொன்றனர். ஹோமர் கணக்கில் 12 பேர். ஓவிட் கணக்கில் 14 பேர். அழுதழுது அவள் கல்லானாள்.

துருக்கியின் மனிசா நகரருகே, சிபிலஸ் மலையில் அப்பாறையை இன்றும் காட்டுகிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மலையேறிப் பார்த்த பவுசானியாஸ், கிட்டப் போனால் வெறும் பாறை, தூர நின்றால் தலைகுனிந்து அழும் பெண் என்று எழுதினார். பாறையின் தோற்றமே கதையைப் பிறப்பித்திருக்கலாம்.

ஆனால் இலியட்டின் 24ஆம் பாகத்தில் அக்கிலீஸ் இதைச் சொல்வது, தன்னால் மகனை இழந்த பிரியாமை உண்ணவைக்க. அழுது களைத்த நியோபியும் சாப்பிட்டாளாம். மய்யித்து வீட்டில் எங்கட உம்மா, "ஒரு வாயாவது சாப்புடுங்க" என்று கெஞ்சுவது நினைவுக்கு வந்தது. தண்டனைக் கதையென்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.