பத்து லட்சம், ஆறு லட்சம், நாலரை லட்சம்

டெங்கு வந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிடும் எண் பிளேட்லெட் கவுண்ட். இறங்கினால் பயம், ஏறினால் நிம்மதி. ஆனால் அது வருஷக்கணக்கில் ஏறியே நிற்கும் ஒரு நாள்பட்ட நோயும் உண்டு. அந்த நோயின் வரலாறு பெரும்பாலும் ஒரு எண்ணோடு நடந்த மல்லுக்கட்டுதான்.

1934-ல் வியன்னாவில் எமில் எப்ஸ்டைன், ஆல்ஃபிரட் கோடல் என்ற இருவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். பிளேட்லெட் மிக அதிகம், மண்ணீரல் சுருங்கிப் போயிருந்தது, கூடவே ரத்தக்கசிவு. ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கு ஏராளமாக இருக்கும்போது ரத்தம் ஏன் கசியணும்? இதற்குப் பிறகு வருகிறேன்.

நோய்க்கு நிலைத்த பெயர் எசென்ஷியல் த்ராம்போசைதீமியா. எசென்ஷியல் என்றால் அத்தியாவசியம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். மருத்துவர்கள் பாஷையில் அதற்கு 'காரணம் தெரியலை' என்று பொருள். 1951-ல் வில்லியம் டேமஷெக் இதை, எலும்பு மஜ்ஜை அளவுக்கு மீறி அணுக்களை உற்பத்தி செய்யும் வேறு சில நோய்களோடு ஒரே குடும்பமாகச் சேர்த்தார். கட்டுரைத் தலைப்பிலேயே இவை ஊகங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

குடும்பம் கிடைத்தது, ஆளை அடையாளம் காண்பது எப்படி? இரும்புச்சத்து குறைந்தாலும், தொற்று வந்தாலும், மண்ணீரலை எடுத்துவிட்டாலும் பிளேட்லெட் கூடும். அதனால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சம் நிற்பதை இந்த நோய் என்றார்கள். அதற்கு ஒரு எல்லைக்கோடும் வேண்டியிருந்தது. 1967-ல் தொடங்கிய பாலிசைதீமியா வேரா ஆய்வுக் குழு முதலில் மைக்ரோலிட்டருக்கு 10 லட்சம் என்றது, அப்புறம் 6 லட்சத்துக்கு இறங்கியது. இயல்பான அளவு நாலரை லட்சத்தோடு முடிந்துவிடுகிறது. இடையில் மாட்டியவர்கள் கதி? ஐந்து லட்சம் பிளேட்லெட்டோடு பக்கவாதம் வந்தவருக்கு அந்த விதிப்படி இந்த நோயே கிடையாது! உலக சுகாதார நிறுவனம் கோட்டை நாலரை லட்சத்துக்குக் கொண்டு வந்தது 2008-ல்தான்.

நோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. யாருக்கு ஆபத்து என்பது வேறு கேள்வி. அதற்கு நல்ல பதில் இத்தாலியின் பெர்கமோவிலிருந்து 1995-ல் வந்தது. 60 வயதைத் தாண்டியவர்கள், அல்லது ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள் என்று 114 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஹைட்ராக்சியூரியா கொடுத்த 56 பேரில் 2 பேருக்கு ரத்தக்கட்டு வந்தது. கொடுக்காத 58 பேரில் 14 பேருக்கு. ஆபத்தானவர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனியுங்கள்: வயசும் பழைய ரத்தக்கட்டும்தான் அளவுகோல், கவுண்ட் எவ்வளவு உயரம் என்பது இல்லை.

இப்போது அந்த ரத்தக்கசிவுப் புதிர். பிளேட்லெட் 10 லட்சத்தைத் தாண்டும்போது, உறைதலுக்குத் தேவையான வான் வில்லிபிராண்ட் என்ற புரதத்தின் பெரிய இழைகளை அவையே காலி பண்ணிவிடலாம். பசை இல்லாத செங்கல் குவியல் மாதிரி. அதனால்தான் கவுண்ட் எகிறியவருக்கு ஆஸ்பிரின் எழுதும் முன் அந்தப் புரதத்தைச் சோதிக்கிறார்கள்.

2005-ல் ஜாக்2 என்ற மரபணுவில் ஒரே ஒரு மாற்றத்தை நான்கு ஆய்வுக் குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. இந்த நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது உண்டு. அடுத்த வருஷம் எம்பிஎல். 2013-ல் கால்ரெட்டிகுலின், அதைக் கண்டுபிடித்த இரண்டு குழுக்களில் ஒன்று வியன்னா! எண்ணை நம்பியவர்களுக்குப் பெரிய அடி இந்தக் கால்ரெட்டிகுலின்தான். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு, ஜாக்2 உள்ளவர்களைவிடப் பொதுவாகப் பிளேட்லெட் அதிகம், ரத்தக்கட்டு குறைவு.

2015-ல் திருத்தப்பட்ட ஆபத்துக் கணக்கு மூன்றே கேள்வி கேட்கிறது. வயது 60-ஐத் தாண்டியதா, முன்பு ரத்தக்கட்டு வந்ததா, ஜாக்2 மாற்றம் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால் மிகக் குறைந்த ஆபத்து. அப்படிப்பட்ட பலரைச் சும்மா கண்காணித்தாலே போதும்.

மூன்று மரபணுவிலும் மாற்றம் இல்லாத ஒரு சிறு கூட்டம் மட்டும் பாக்கி. அவர்களுக்கு இன்னமும் பழைய வழிதான்: மஜ்ஜையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே வரணும்.