கீழூரில் கேட்ட கேள்வி

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்கு மேற்கே உள்ள கீழூர் என்ற சிற்றூரில் 178 பேர் கூடினார்கள். சட்டமன்றத்துக்கும் நகரசபைகளுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்திருந்த பிரதிநிதிகள் அவர்கள். இந்தியாவுடன் இணைய 170 பேர் வாக்களித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நிறைவேறியது. கீழூர் நினைவிடத்தில் இன்றும் அந்நாளில் கொடியேற்றுகிறார்கள்.

இடையில், 1956 மே 28-இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1954 நவம்பர் 1-க்கு முன் இருந்த தனி நிர்வாக நிலை தொடரும், அதை மாற்றுவதானால் மக்களின் விருப்பம் அறிந்தே மாற்ற வேண்டும் என்கிறது அதன் 2-ஆம் பிரிவு. புதுச்சேரியின் பிற்கால அரசியலுக்கெல்லாம் வேர் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தால் பிரெஞ்சு ஆட்சியின் கைவரிசை தெரியும். நவாபுகள் கொடுத்த கிராமங்கள், போரில் இழந்தவை, உடன்படிக்கையில் மீண்டவை என்று 18-ஆம் நூற்றாண்டு கிழித்துப்போட்ட எல்லை அது. ஓர் ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி. காரைக்கால் காவிரிப் படுகையில் இருக்கிறது. ஏனாம் கோதாவரிக் கரையில். வெறும் 9 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாஹே கேரளக் கடலோரத்தில். தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசும் இந்த ஊர்களை ஒரே ஆட்சியின் கீழ் சேர்த்து வைத்திருப்பது பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் பழைய கணக்குதான்.

மற்றொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர் வேறு வழியில் போனது. 1949-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி இந்தியாவோடு சேர்ந்த அந்த ஊர், 1954-இல் மேற்கு வங்கத்தின் பகுதியானது. புதுச்சேரியையும் அண்டை மாநிலத்தோடு சேர்க்கலாம் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் பேசியபோது, 1979 ஜனவரியில் ஊர் கொதித்தெழுந்தது. போராட்டம் துப்பாக்கிச் சூடு வரை போனது. இணைப்புப் பேச்சு அத்தோடு கைவிடப்பட்டது. மொழியால் தமிழரான மக்களே தமிழ்நாட்டோடு சேர மறுத்தார்கள் என்பதை வெறும் பிடிவாதமாகக் கொள்வது தவறு. மூன்று நூற்றாண்டு தனி வாழ்க்கை அவர்களுக்குத் தனி அடையாளத்தைத் தந்திருந்தது. ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் படைவீரரை ஊரார் இன்றும் ‘சொல்தா’ என்றே அழைக்கிறார்கள். இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் பிரான்சின் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலிருந்தே வாக்களிக்கின்றன. கிராம நிர்வாகத்துக்கும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தனித்தன்மை காப்பாற்றப்பட்டது, அதிகாரம் வரவில்லை. யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டம் 30 பேர் கொண்ட சட்டப்பேரவையைத் தந்தது, கூடவே 3 பேரை நியமிக்கும் உரிமையை மத்திய அரசிடம் வைத்தது. புதுச்சேரி அரசைக் கேட்காமலே அவர்களை நியமிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2021 பிப்ரவரியில் முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தபோது ஆளுந்தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர், எதிர்த்தரப்பில் 14 பேர். அந்த 14-இல் 3 பேர் நியமன உறுப்பினர்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் 12-க்கு 11. மத்திய நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் வரிப் பங்கும் புதுச்சேரிக்குக் கிடையாது.

மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டப்பேரவை பலமுறை தீர்மானம் போட்டுவிட்டது. மக்களின் விருப்பம் அறிந்தே மாற்றம் என்று எழுதிக் கையெழுத்திட்டது இந்திய அரசு. அந்த விருப்பம் தெரிந்த பிறகும் டெல்லி பேசாமல் இருப்பது நியாயமில்லை. கீழூரில் 178 பேரிடம் கேட்டதுபோல, இன்றைய வாக்காளரிடமும் நேரடியாகக் கேட்கட்டும்.